மைனஸ் பதினாறு மணி நேரம்

அண்ணனுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. உட்காரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. ஒரு கையைச் சுவரில் ஊன்றி நின்றுகொண்டே டீ குடித்தான். இரவு முழுக்கக் கிடங்கில் சிமெண்ட் மூட்டை இறக்கிவிட்டு வந்தவன்.

"நடுவுல கொஞ்சம் உட்காரக் கூடாதா?" என்றேன்.

"மணி அடிச்சாத்தான் உட்காரணும். பகல் ஷிஃப்டுக்கு அடிக்குது, எங்களுக்கு அடிக்க மாட்டேங்குது. மேஸ்திரியக் கேட்டா, மெஷின்ல வரலங்கறான்."

"மெஷின் சொன்னா உன் மேஸ்திரி கிணத்துல குதிப்பானா?"

"அவன் எங்க குதிக்கப் போறான்? எங்களத் தள்ளிவிடுவான்."

அண்ணி அவன் இடுப்பில் தைலத்தைத் தேய்த்தபடி என்னைப் பார்த்தாள். அந்த மெஷினுக்கு மென்பொருள் எழுதும் கம்பெனியில்தான் எனக்கு வேலை. அண்ணனுக்கும் தெரியும்.

அன்றைக்கே ஆபீசில் அந்த மெஷினுக்கான கோட், அதாவது அது கணக்குப் போடும் வரிகளைத் திறந்து பார்த்தேன். ஷிஃப்ட் முடியும் மணியிலிருந்து தொடங்கும் மணியைக் கழிக்கிறது. ஆறு மணி நேரத்துக்கு மேல் வந்தால் நடுவில் ஓய்வு மணி அடிக்கிறது. பகல் ஆளுக்குச் சரி. இரவு ஆள் பத்து மணிக்கு உள்ளே போய் விடிகாலை ஆறுக்கு வெளியே வருகிறான். கணினிக்கு இரவு பத்து என்பது இருபத்திரண்டு. ஆறில் இருபத்திரண்டு போனால் மைனஸ் பதினாறு. விடிய விடிய மூட்டை தூக்கியவன் மைனஸ் பதினாறு மணி நேரம்தான் வேலை பார்த்திருக்கிறான். அவனுக்கு எதற்கு ஓய்வு?

நாள் மாறினால் இருபத்துநாலைக் கூட்டிக்கொள்ளும்படி பதினோரு வரி எழுதினேன். அழகான கோட் என்று சொல்ல மாட்டேன். மூட்டை தூக்குகிறவர்கள் வீட்டில் பிறந்தவள் நான். சரக்கு அவிழ்ந்து விழாமல் இருந்தால் போதும், முடிச்சு அழகாக இருக்கிறதா என்று எங்கள் வீட்டில் எவரும் பார்த்ததில்லை.

எங்கள் கம்பெனியில் யார் எழுதினாலும், கூட வேலை பார்க்கும் இரண்டு பேர் படித்து 'சரி' போட வேண்டும். அப்போதுதான் கோட் கிடங்குக்குப் போகும். இந்த வெள்ளிக்கிழமை அனுப்புகிறார்கள்; அதை விட்டால் அடுத்தது மூன்று மாதம் கழித்துத்தான். ஆனால் 'சரி' போட்டவன் தலையில்தான் பின்னால் பிழை விடியும். குறை சொன்னவனுக்கு ஒன்றும் ஆகாது. வருடக் கடைசியில் யார் எத்தனை குறை சொன்னார்கள் என்று எண்ணி மார்க் வேறு போடுவார்கள். அப்புறம் எவன் 'சரி' போடுவான்?

எல்லோருக்கும் அனுப்பினேன். மேலே ஒரே ஒரு கேள்வி: நாள் மாறும் இடத்தில் கணக்கு சரியா? கணினியில் ஓட்டிப் பார்த்துச் சொல்லுங்கள்.

முதல் பதில், ஏழாவது வரியில் கமாவுக்குப் பின் இடைவெளி இல்லை என்று வந்தது. எழுதியவனுக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயரே கமாதான். அடுத்து எழுதியவருக்குப் பட்டப்பெயர் கவிஞர். கழித்து வரும் கணக்குக்கு நான் கோடில் வைத்த 'நேரம்' என்ற பெயர் எதையும் உணர்த்தவில்லையாம். 'பணிக்கால நீட்சி' என்று வைக்கலாமாம். பிள்ளைக்கு மூச்சு வருகிறதா பார் என்றால் பேர் பொருத்தம் பார்க்கிற ஜென்மம்.

இடைவெளி விட்டேன். பெயரையும் மாற்றினேன். மாற்றியதும், பெயர் ரொம்ப நீளம் என்றான் கமா. தமது பெயரைக் குறை சொன்னதில் கவிஞருக்கு ரோஷம் வந்துவிட்டது. வியாழக்கிழமை பூராவும் இருவரும் திரையில் என் கோடுக்கு அடியில் குழாயடிச் சண்டை போட்டார்கள். ஓட்டிப் பார்க்க மட்டும் எவருக்கும் கை வரவில்லை.

வெள்ளி காலை டீம் லீடர் என் மேசைக்கு வந்தார்.

"என்னம்மா, இத்தனூண்டு விஷயத்துக்கு பதினோரு வரியா? மூணா சுருக்கிட்டேன் பாரு."

பார்த்தேன். முடிவிலிருந்து தொடக்கத்தைக் கழித்திருந்தார். இருபத்துநாலைக் காணோம். லீடர் எழுதியதாயிற்றே, அதற்குக் கீழே கமாவும் கவிஞரும் 'சரி' போட்டிருந்தார்கள். கவிஞர் கைதட்டுகிற பொம்மையும் சேர்த்துப் போட்டிருந்தார்.

"ஓட்டிப் பாத்தீங்களா சார்?"

"மூணு வரிய எதுக்கு ஓட்டணும்? படிச்சாலே தெரியுதே."

அவர் கண் முன்னாலேயே ஓட்டினேன். திரையில் மைனஸ் பதினாறு வந்தது. கமா எட்டிப் பார்த்தான்.

"அப்போ அந்த லோடுமேன்தான் நமக்குப் பதினாறு மணி நேரம் தரணும் போல!"

கவிஞர் குலுங்கிச் சிரித்தார்.

"நீங்க ரெண்டு பேரும் சரி போட்டது இதுக்குத்தான்," என்றேன். சிரிப்பு நின்றது.

லீடர் மூக்கைச் சொறிந்தார். "இது வேற பிரச்சினைம்மா. தனியாப் பதிவு பண்ணு, அடுத்த தடவ எடுத்துக்கலாம்."

"இந்தப் பிரச்சினைக்காகத்தான் சார் நான் எழுதினதே."

"ரெண்டு சரி விழுந்தாச்சு. வாபஸ் வாங்கினா மேல என்ன ஏதுன்னு கேப்பாங்க."

கவிஞரிடம் திரும்பினேன். "நான் எழுதினதுக்கு இப்பவாவது ஒரு சரி போடுங்களேன்."

"எனக்குக் கிடங்கு வேலையெல்லாம் தெரியாதுங்க. தெரியாத விஷயத்துக்கு எப்படிச் சரி போடறது?"

அரை மணி நேரத்துக்கு முன்னால் அதைத்தான் செய்திருந்தார். கமாவைப் பார்த்தேன். அவன் நான் எழுதியதைத் திரையில் மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டு, கடைசி வரியில் ஒரு இடைவெளி அதிகமாக இருக்கிறது என்றான்.

அப்பாவோடு மூட்டை தூக்கியவர்களில் குடிகாரன் உண்டு, திருடனும் உண்டு. ஆனால் ஏணி மேல் நிற்கிறவன் "கீழ பிடிச்சிருக்கியா?" என்று கேட்டால், ஏணிக்கு என்ன கலர் அடிக்கலாம் என்று அவர்களில் எவனும் யோசனை சொன்னதில்லை.

சாயங்காலம் அந்த மூன்று வரியும் கிடங்குக்குப் போயின. குழுவாகச் சாதித்தோம் என்று லீடர் எல்லோருக்கும் நன்றி எழுதினார். முதல் பெயர் என்னுடையது.

சனிக்கிழமை காலை அண்ணன் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தான்.

"நேத்தும் அடிக்கல."

"நான் சரி பண்ணித்தாண்ணா எழுதினேன்."

"கூட இருக்கறவங்ககிட்டக் காட்டினியா?"

"காட்டினேன்."

"என்ன சொன்னாங்க?"

"கமா போட்டா இடம் விடணுமாம்."

அவன் சிரிக்கப் பார்த்தான், இடுப்பு விடவில்லை. அண்ணி தைலப் பாட்டிலை எடுத்து வந்தாள்.

இரவு ஷிஃப்டில் நாற்பது பேர். ஒவ்வொருவருக்கும் ஓர் இரவுக்கு அரை மணி நேர ஓய்வு. அதை எங்கள் கம்பெனி இன்னும் அவர்களுக்குத் தர வேண்டியிருக்கிறது.