எந்தப் பின்கதவு

பின்கதவு என்று சீட்டில் எழுதியிருந்தால் வீட்டுப் பின்கதவு என்றுதான் எவனும் நினைப்பான். இதை நான் எந்தக் கோர்ட்டிலும் வந்து சொல்வேன். சிதம்பரத்தில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். டிரெய்லரில் சாமான் ஏற்றுவதற்காகப் பின்னால் சாய்த்து இறக்கும் பலகையை நாங்கள் டெயில் போர்டு என்போம். அதைப் போய் யாராவது கதவு என்பார்களா?

சீட்டு எழுதியவர் பரங்கிப்பேட்டை அப்துல் வதூது. மனைவி அஜீசுன்னிசாவுக்கு ஜுரத்தில் கால் விளங்காமல் போய் இரண்டு வருடம். அதற்காகவே மலாயாவை விட்டு வந்துவிட்டவர். "கடலூர் போறேன். பின்கதவை இறக்கி, கால் குடுத்து, மேடை போடவும். வீட்டுல அவுங்க காத்தாட உக்காரணும்" என்று எழுதியிருந்தார்.

நானும் என் கூட்டாளி கொளஞ்சியும் காலையிலேயே போய்விட்டோம். கொல்லையில், கம்மாபுரம் பக்கம் ஏலத்தில் எடுத்த பழைய டிரெய்லர் ஒன்று நின்றது.

"இது எதுக்குண்ணே நிக்கிது?" என்றான் கொளஞ்சி.

"வந்த வேலையப் பாரு" என்று எரிந்து விழுந்தேன். உண்மையில் எனக்கும் குழப்பம்தான். பின்கட்டில் நின்று கனைத்தேன். திரைக்குப் பின்னாலிருந்து அந்த அம்மாள் பேசினார்.

"இந்தக் கதவையா மேஸ்திரி? இது வழியாத்தான் அக்கம்பக்கத்துப் பொம்பளைங்க என்னைப் பாக்க வருவாங்க."

"பாய் எழுதியிருக்காரும்மா. டிரெய்லர் எதுக்குன்னு தெரியுமா?"

"கேட்டா சிரிக்கிறாங்க. எனக்கு ஒண்ணும் புரியல. அவுங்க எழுதுனா செஞ்சிடுங்க."

செய்தோம். கதவைக் கழற்றி, நான்கு கால் அடித்து, நிலைப்படிக்குச் சமமாக வெளியே போட்டோம். அங்கே இருந்த மூன்று படிகளும் பலகைக்கு அடியில் மறைந்துவிட்டன. கதவு இருந்த இடத்தில் மறைப்புக்கு ஒரு புடவை தொங்கியது.

மத்தியானம் வதூது வந்து அப்படியே நின்றார்.

"மேஸ்திரி, என் ஊட்டுக் கதவு எங்க?"

"நீங்க சொன்ன மாதிரி மேடையாயிடுச்சி பாய்."

"நான் சொன்னது அதோட பின்கதவு" என்று டிரெய்லரைக் காட்டினார். பலகையை மட்டமாக நிறுத்தி, மூன்று பக்கம் தட்டி கட்டினால் அவர் மனைவி உயரத்தில் உட்கார்ந்து வெள்ளாற்றைப் பார்க்கலாமாம். அவர் திடீரென்று காட்டுவதற்காக இரண்டு மாதமாக மூடி வைத்திருந்த யோசனையை நான் ஒரே காலையில் நாசம் செய்துவிட்டேன். கோபமும் வெட்கமும் சேர்ந்து வந்தது எனக்கு.

"அவ்வளவு ஒசரத்துல எப்பிடி ஏறுவாங்க?" என்றேன்.

"நான் தூக்கி உக்கார வப்பேன்."

புடவைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "நீங்க கடலூர் போற அன்னிக்கி?"

புடவை அசைந்தது. நான் டிரெய்லர் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். பலகையில் உள்ளங்கை ஊன்றும் சத்தம் கேட்டது. கொஞ்சம் இழுபடும் சத்தம். மறுபடி உள்ளங்கை. வதூது ஓடினார்.

"தொடாதீங்க. நானே வரேன்."

வெகுநேரம் எடுத்தது. பலகை ஆடிவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டேன்.

"காத்து நல்லா வருது" என்றார் அந்த அம்மாள். பிறகு, "மேஸ்திரி, இது ஒருத்திக்குத்தான் பத்தும். பொம்பளைங்க வந்தா எங்க உக்காருவாங்க? அந்த வண்டிப் பின்னால பலகை ஒண்ணு பெரிசா இருக்கே, அத இங்க கொண்டாந்து போடுங்க. கதவ நிலையில மாட்டிடுங்க."

வதூது என்னிடம் வந்தார். கண் கலங்கியிருந்தது.

"அந்தப் பின்கதவக் கழட்டிடு மேஸ்திரி" என்றார்.

உளியை எடுத்துவிட்டு, "எந்தப் பின்கதவு பாய்?" என்று கேட்டேன். இந்தத் தடவை அவர் கையாலேயே தொட்டுக் காட்டச் சொன்னேன்.