நானூறு வயதுக்குக் கீழ்

பெருந்தலைக் காட்டுக்குப் போகும் டவுன் பஸ்ஸில் நானூறு வயது நிரம்பாதவர்களுக்கு அரை டிக்கெட். மகளிருக்கு அந்த பஸ்ஸில் கட்டணமே கிடையாது என்பதால் எனக்கும் மைமூனுக்கும் இலவசத்தில் பாதி கிடைத்தது. கண்டக்டர் அதற்கான சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். பத்திரமாகக் கைப்பையில் வைத்துக்கொண்டோம்.

"ரெண்டு பாப்பாவும் எங்க போறிய?" என்று கேட்டார்.

அவருக்கு முப்பது வயது இருக்கும். வேலையில் இருப்பவர்களுக்கு வயது பார்ப்பதில்லை. லீவு நாளில் ஏறினால் அவரும் அரை டிக்கெட்தான்.

"காட்டுக்குள்ள, மேல சுனை வரைக்கும்" என்றேன்.

"கூடப் பெரியவங்க யாரும் வரலையா?"

"அங்க போய்ப் பாத்துக்கிடுதோம்" என்றாள் மைமூன்.

நானும் மைமூனும் ஒரே பள்ளியில் இருபத்தொன்பது வருடம் வேலை பார்த்தவர்கள். நான் ஒன்றாம் வகுப்பு, அவள் இரண்டாம் வகுப்பு. அழ அழ நான் பிடித்து உட்காரவைத்த பிள்ளைகளை அடுத்த ஜூனில் அவள் வாங்கிக்கொள்வாள். சேர்ந்த முதல் வருடமே இந்தச் சுனைக்கு நடக்க வேண்டும் என்று பேசினோம். பிறகு தேர்தல் வேலை வந்தது, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வந்தது, என் கண் ஆபரேஷன் வந்தது, அவள் வீட்டுக்காரர் படுத்தபடுக்கையாகி மூன்று வருடம் கிடந்து இறந்துபோனார். இருவரும் ஓய்வும் பெற்றுவிட்டோம். வருகிற புதன்கிழமை மைமூன் மெல்போர்னில் இருக்கும் மகனிடம் ஒரேயடியாகப் போய்விடப் போகிறாள். அதனால் இந்தச் சனிக்கிழமையை விட்டால் வேறு சனிக்கிழமை இல்லை.

அவள் போவது எனக்குப் பிடிக்கவில்லை. அவளுக்கும் பிடிக்கவில்லை. ஆசையாகக் கூப்பிடும் மகனிடம் எப்படி மாட்டேன் என்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. போகாதே என்று எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. காலமெல்லாம் கத்திக் கத்தியே பிழைத்த இரண்டு பேர் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் வாயைத் திறக்கவே இல்லை.

கடைசி நிறுத்தத்தில் இறங்கினோம். காடு மிகப் பழையது. பஸ் ஸ்டாப் அதைவிடக் கொஞ்சம் பழையது. தடுப்புக் கம்பத்துக்குப் பக்கத்தில் ஒரு மேசை போட்டு வனக்காவலர் மாசானம் உட்கார்ந்திருந்தார். எங்கள் அரை டிக்கெட்டை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"சின்னப் பிள்ளையளத் தனியா விட முடியாதும்மா. நானூறு முடிஞ்ச மரம் ஏதாவது ஒண்ணு கார்டியனா நிக்கணும். பதினோரு மணிக்குக் கம்பத்த இறக்கிருவேன். அதுக்குள்ள ஆள் கிடைக்கலன்னா ஒண்ணே முக்கால் பஸ்ஸுக்குத் திரும்பிர வேண்டியதுதான்."

அப்போது மணி பத்து. கம்பத்துக்கு இந்தப் பக்கம் மூன்று மரங்கள் நின்றன. முதலில் இருந்த மருதமரத்துக்கு எழுநூறு வயது. அது ஏற்கனவே ஒரு இன்சூரன்ஸ் ஆபீஸிலிருந்து வந்த பதினான்கு பேருக்குப் பொறுப்பேற்றிருந்தது. அவர்கள் அதன் அடியில் ஜன்னலோரம் யாருக்கு என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். மரம் சோர்ந்து தெரிந்தது. அடுத்த இலுப்பைக்குக் காது மந்தம். மைமூன் இரண்டு முறை உரக்கச் சொல்லியும், அது எங்களை யார் வீட்டுப் பிள்ளைகள் என்பதுபோலப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்துவிட்டது.

மிச்சம் இருந்தது நாங்கு என்ற மலைமரம். நிமிர்ந்த மரம், பளிச்சென்ற இலை. பார்த்ததும் எங்களுக்குப் பிடித்துப்போயிற்று. அதற்கும் எங்களைப் பிடித்திருந்தது. ஆனால் அதில் அடித்திருந்த தகட்டில் வயது முந்நூற்றுத் தொண்ணூற்றாறு என்று இருந்தது.

"நாலு குறையுதே" என்றார் மாசானம். "இதுவே அரை டிக்கெட். பிள்ளைய நம்பிப் பிள்ளைய அனுப்ப முடியுமா?"

"பிறந்த தேதிக்கு ஆதாரம் இருக்கா?" என்று கேட்டேன். பழக்கதோஷம்.

"அந்தக் காலத்துல ஏதும்மா ஆதாரம்? கணக்கெடுக்க வந்த ஆபீசர் ஆளப் பாத்து ஒரு குத்துமதிப்பாப் போட்டுட்டுப் போயிட்டாரு. இங்க எல்லா மரத்துக்கும் ஜூன் ஒண்ணுதான்."

நான் பிறந்தது கார்த்திகை மாதத்தில். சர்டிபிகேட்டில் ஜூன் ஒன்று. மைமூனுக்கும் ஜூன் ஒன்று. எங்கள் ஊரில் பாதிப் பேர் என் கையெழுத்தில் ஜூன் ஒன்றாம் தேதி பிறந்தவர்கள். ஆகவே எனக்கு நம்பிக்கை வந்தது.

"அப்போ காதைத் தொடச் சொல்லிப் பாத்துருவோம்" என்றேன்.

மாசானம் விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, செல்லும் என்றார்.

பிறப்புச் சான்றிதழ் இல்லாத பிள்ளையை இப்படித்தான் பள்ளியில் சேர்ப்போம். வலது கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடது காதைத் தொட வேண்டும். தொட்டால் வயது முடிந்துவிட்டது, சேர்த்துக்கொள்ளலாம். தொடாவிட்டால் அடுத்த வருடம். நாங்கு மரத்துக்கு இடப்பக்கம், என் தோள் உயரத்தில் காதுபோல ஒரு புடைப்பு இருந்தது. விஷயத்தைச் சொன்னோம். அது வலது கிளையை மெல்லத் தூக்கி உச்சிக்கு மேலாக வளைக்கத் தொடங்கியது. அந்தக் கிளையில் இருந்த இரண்டு இருவாச்சிப் பறவைகள் இறங்கித் தரையில் நின்று காத்திருந்தன.

நாங்கு உறுதியான மரம். சட்டென்று வளையாது. பத்தே முக்காலுக்குக் கிளை இந்தப் பக்கம் இறங்கிவிட்டது. பிறகு நின்றுவிட்டது. இலை நுனிக்கும் காதுக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. மரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு எக்கியது. முடியவில்லை. மாசானம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

மைமூன் என் கையைப் பிடித்தாள்.

"விடுட்டி ஜெயசீலி. இவ்வளவு தூரம் சேந்து வந்ததே போதும்" என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. போதாது என்று நினைத்தேன். பிறகு, வருடாவருடம் ஜூன் மாதத்தில் செய்வதையே செய்தேன்.

"ஐயா, ரிஜிஸ்தர்ல எம்பேரச் சரியா எழுதியிருக்கியளான்னு கொஞ்சம் பாருங்க" என்றேன்.

மாசானம் குனிந்தார். என் தலைமையாசிரியைக்கும் இந்த நேரத்தில்தான் பேனா கீழே விழும். நான் கட்டைவிரலை அந்தப் புடைப்புக்குப் பின்னால் கொடுத்து முன்பக்கமாகத் தள்ளினேன். எத்தனையோ பிள்ளைகளின் காதை இப்படித் தள்ளியிருக்கிறேன், ஒருவர்கூடக் கெட்டுப்போகவில்லை. மரத்தின் காதும் ஒரு சாண் நகர்ந்து வந்தது. இலை நுனி தொட்டது.

"தொட்டுட்டு! தொட்டுட்டு!" என்று மைமூன் கூவினாள்.

மாசானம் நிமிர்ந்து பார்த்தார். நானூறு பூர்த்தி என்று எழுதிக் கம்பத்தைத் தூக்கினார். இருவாச்சிகள் மறுபடி கிளையில் ஏறிக்கொண்டன.

மரம் நடக்காது. அதன் வேர்தான் கூட வரும். பாதைக்கு வலப்பக்கம் ஒரு முழம் தள்ளி அது வந்துகொண்டே இருந்தது. வழுக்கும் இடங்களில் படியாகக் குறுக்கே படுத்தது. நாங்கள் மூச்சு வாங்கினால் உட்காரத் தோதாக உயர்ந்தது. ஓடையைத் தாண்டும்போது மட்டும், ஒருத்தர் கையை ஒருத்தர் பிடித்துக்கொள்ளும் வரைக்கும் வழியை மறித்துக்கொண்டு நின்றது. பிடித்துக்கொண்டோம். தாண்டிய பிறகும் விடவில்லை. அவளுக்கு முட்டிவலி, எனக்கு இடுப்புவலி, இரண்டும் எங்கே போயின என்று நாங்கள் தேடவில்லை.

சுனையில் தண்ணீர் குடித்தோம். நான் பொடி தடவிய இட்லி கொண்டுபோயிருந்தேன், அவள் தேங்காய்ப்பால் ஊற்றி வட்டலப்பம் செய்து எடுத்துவந்திருந்தாள். வேருக்கும் கொஞ்சம் வைத்தோம். மைமூன் பாவாடை கட்டிய பிள்ளைபோலச் சேலையை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு தண்ணீருக்குள் காலை ஆட்டினாள். அவள் முகத்தை அப்படிப் பார்த்து எனக்கு ரொம்ப நாளாகிவிட்டது. சந்தோஷமாக இருந்தது. புதன்கிழமை என்ற வார்த்தையை இரண்டு பேரும் சொல்லவில்லை.

நான்கரை மணிக்குக் கீழே இறங்கினோம். மாசானம் எங்களிடம் ஆளுக்கு ஒரு கார்பன் நகல் கொடுத்தார்.

"இனிமே இந்த நாங்குதான் உங்க ரெண்டு பேருக்கும் கார்டியன். நானூறு முடியுற வரைக்கும். பள்ளி மாறினாலும், வெளிநாடு போனாலும் அதுகிட்ட ஒரு சம்மதக் கடிதம் வாங்கிக்கிடுங்க."

மைமூன் நாங்கு மரத்தின் முன்னால் போய் நின்று, புதன்கிழமை மெல்போர்ன் போகலாமா என்று கேட்டாள். மரம் யோசிக்கிறேன் என்றது.

"எவ்வளவு நாள் யோசிக்கும்?" என்று மாசானத்திடம் கேட்டேன்.

"எழுபது வருஷம் ஆகும். அவசரம்னு சொன்னா அறுபத்தஞ்சு."

அவசரம் என்று மைமூன் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அவள் அங்கேயே நின்று மகனுக்குப் போன் போட்டாள்.

"சாதிக், புதன்கிழமை வர முடியாதுப்பா. கார்டியன் கையெழுத்துப் போடணும். யோசிச்சுச் சொல்லுதேன்னு சொல்லியிருக்காங்க."

அந்தப் பக்கம் சாதிக், "அவங்க பேச்சைக் கேட்டு நடந்துக்கம்மா. டிக்கெட்டை நான் கேன்சல் பண்ணிருதேன். லீவு கிடைச்சா நான் வாரேன்" என்றான். எனக்கும் கேட்டது. என்னிடம் இரண்டாம் வாய்ப்பாடு ஒப்பித்த பயல். நல்ல பிள்ளை.

மைமூன் போனைப் பைக்குள் வைத்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டாள்.

"நீ போறது எனக்குப் பிடிக்கவே இல்லட்டி" என்றேன்.

"இத இப்பதான் சொல்லுவியா?" என்று முதுகில் ஒன்று வைத்தாள்.

ஐந்தே கால் பஸ்ஸில் இடம் கிடைத்தது. காலையில் வந்த அதே கண்டக்டர். கடலைமிட்டாய் பாக்கெட்டைப் பிரித்து ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டோம். மைமூன் கடித்துவிட்டு வாயைப் பொத்தினாள். முன்பல் ஆடியது. கண்டக்டர் வந்து செல்போன் வெளிச்சத்தில் பார்த்தார்.

"பால் பல்லுதான் பாப்பா. கையை வச்சு ஆட்டாதிய, தானா விழும்" என்று சொல்லிவிட்டு விசில் கொடுத்தார்.

நான் நாக்கால் தடவிப் பார்த்தேன். எனக்கு இரண்டு ஆடின.