நான்காம் விடியலின் அழுகை

கணவன் உசோண்டுவைப் புதைத்து மூன்று விடியல் கழிந்தும் உரென்மாவுக்கு அழுகை வரவில்லை. முயன்றுதான் பார்த்தாள். நெஞ்சு மரத்துக் கிடந்தது.

கணவனை இழந்தவள் நான்கு நாள், சேவல் கூவும் வேளையில் தெருவே கேட்க வாய்விட்டு அழ வேண்டும். அழாதவளை ஊர் சும்மா விடுமா? அவளே சோற்றில் எதையோ வைத்துக் கொன்றுவிட்டாள் என்று தண்ணீர்க் குழாயடியில் பேச்சு கிளம்பிவிட்டது. இன்றும் அழாவிட்டால் அந்தப் பழி சாகும்வரை போகாது. தெரிந்தும் அவளுக்குப் பயம்கூட வரவில்லை.

வீடு நிறைய நாத்தனார்கள். அந்தக் குடும்பத்தில் பிறந்து வெளியூரில் வாழ்க்கைப்பட்ட ஏழு பேரும் பாயோடு வந்து இறங்கியிருந்தார்கள். சாவு வீட்டில் அவர்கள் வைத்ததுதான் சட்டம். மூத்தவள் அடாகு, அவள் வாய்க்குப் பயந்து ஆண்களே ஒதுங்கிப் போவார்கள்.

சேவல் கூவியது. உரென்மா வாயைத் திறந்தாள். வெறும் காற்றுதான் வந்தது.

"என்னடி என் பொண்டாட்டி, இன்னிக்கும் ஊமையா?" என்றாள் அடாகு. தம்பி மனைவியை அந்த வீட்டுப் பெண்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"வரலக்கா. உள்ள ஒண்ணுமே இல்ல."

"நேத்து மறந்துபோய் அவனுக்கும் ஒரு தட்டு வச்சியே, அப்பகூடவா?"

"அப்பகூடத்தான்."

அடாகு அவளையே பார்த்தாள். பிறகு எழுந்து, தெருப்பக்கத்து ஜன்னலைத் திறந்து, உரென்மாவைப் போலக் குரலை மாற்றிக்கொண்டு ஓலமிட்டாள்.

"ஐயோ உசோண்டு! என் புருஷா! என்னை யாரு கையில விட்டுட்டுப் போன!"

"அக்கா, அது பொண்டாட்டி அழற அழுகை..." என்றாள் கடைசித் தங்கை.

"வாயை மூடிட்டு நீயும் அழுடி!"

ஏழு பேரும் ஒரே குரலாக அழுதார்கள். தெருவில் போனவர்கள் நின்று, பாவம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அடாகு மூக்கைத் துடைத்தாள். "யாராச்சும் கேட்டா, அழுதது யாரு?"

"நம்ம பொண்டாட்டி!" என்றார்கள் எல்லோரும்.

கிழங்குக் களியும் கசப்புக்கீரைச் சாறும் உரென்மா முன்னால் வந்தன.

"இனிமே எனக்கு யாருக்கா இருக்கா?"

"அவன் ஒருத்தனா உன்னைக் கட்டிக்கிட்டான்? நாங்க ஏழு பேரு குத்துக்கல்லாட்டம் இருக்கோம். தின்னு."

ஒரு வாய் தின்றாள். முகம் சுளித்தாள். நான்கு நாளில் அவள் நாக்கு முதன்முதலாக ருசி அறிந்தது.

"கசப்பு போற அளவுக்குக் கீரையை அலசலையேக்கா. இன்னும் கசக்குது."

"பாருங்கடி, என் பொண்டாட்டிக்கு வாய் வந்துருச்சு!" என்று சிரித்த அடாகு, சுவர்ப்பக்கம் திரும்பித் தன் தம்பிக்காக, இந்த முறை சத்தமே இல்லாமல் அழுதாள்.