சாம்பல்நாரைக்கு மை போட்டவர்

படம் குப்பை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இத்தனைக்கும் அன்று மதியம் பாதிப் படத்தை நான் ஒழுங்காகப் பார்க்கவே இல்லை. என் கவனமெல்லாம் பக்கத்து நாற்காலியில் இருந்தது.

அதில் உட்கார்ந்திருந்தவர் லீலண்ட் கோசிக். எண்பத்திரண்டு வயது. என்னோடு ஒன்பது வருஷமாக இணையத்தில் விமர்சனம் பேசும் நடீனின் அப்பா. ஒவ்வொரு சூப்பர்ஹீரோ படத்தையும் பழைய காமிக்ஸோடு பக்கம் பக்கமாக ஒப்பிட்டுக் கிழிப்பதுதான் எங்கள் வேலை. கிளீவ்லாந்தில் எங்களைத் திட்டுவதற்கென்றே கேட்கிற கூட்டம் உண்டு. ஆனால் அன்று வந்தது விமர்சனத்துக்காக மட்டும் இல்லை.

எழுபதுகளில் தொடங்கி 'சாம்பல்நாரை' காமிக்ஸுக்குப் பதினோரு வருஷம் மை போட்டவர் லீலண்ட். ஒருவர் பென்சிலில் வரைந்து கொடுப்பார், இவர் அதன்மேல் தூரிகையால் கறுப்பு மை தீட்டுவார். முதல் பக்கத்தில் கதை எழுதினவர் பேரும் பென்சில்காரர் பேரும் வரும். மை போட்டவர் பேரை அந்தக் கம்பெனி போட்டதே இல்லை. கோட்டு மேல் கோடு போடுவதற்கு எதற்குப் பேர் என்பார்களாம். நாரையின் இறக்கையில் விழுமே ஒரு நிழல், அதைப் பார்த்துத்தான் பத்து வயதில் எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது. அது பென்சிலில் கிடையவே கிடையாது. முழுக்க இவர் கைவண்ணம்.

போன மாதம், அந்தக் காமிக்ஸை இப்போது படமாக எடுத்தவர்களின் ஆபீஸிலிருந்து ஒருத்தி நடீனுக்குப் போன் செய்திருந்தாள். படத்தின் கடைசியில் நன்றி சொல்கிற பட்டியலில் அப்பாவின் பேர் வரும் என்றாள். ஐம்பது வருஷம் கழித்து ஒரு பேர். அதற்காக மனுஷர் கோட்டும் டையுமாக வந்திருந்தார்.

இரண்டே முக்கால் மணி நேரப் படம். பாதியிலேயே அவருக்கு பாத்ரூம் போகவேண்டி வந்துவிட்டது. காலை மாற்றி மாற்றிப் போட்டார்.

"போயிட்டு வாங்க சார், இன்னும் ஒரு மணி நேரம் ஓடும்," என்றேன்.

"நீ பேசாம படத்தைப் பாரு ரூடி."

எனக்கும் இருப்புக் கொள்ளவில்லை. நடீன் இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை மணி பார்த்தாள். திரையில் எவனோ பறந்தான், எவனோ விழுந்தான். சீக்கிரம் ஊரைக் காப்பாற்றித் தொலையேன்டா என்று இருந்தது.

ஒருவழியாகப் படம் முடிந்தது. ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்க மாட்டார்கள். பேர்கள் ஓடும்போது ஒளித்துவைத்த காட்சி ஒன்று வரும், அதற்காக எங்கள் ஜனம் எதையும் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஆனால் பேர்களை யார் படிக்கிறார்கள்? அன்று நாங்கள் மூன்று பேர் படித்தோம். விளக்குப் பிடித்தவர், சோறு போட்டவர், நாய் பழக்கியவர் என்று ஒன்றையும் விடவில்லை.

நடுவில் அந்தக் காட்சி வந்தது. இருட்டில் ஒரு பெண், கையில் உடைந்த முட்டை. அரங்கமே அலறியது. மறுபடி பேர்கள் ஓடத் தொடங்கின.

"அம்பத்தெட்டாம் இதழ்ல வருவாளே, அவதான் இவ," என்றேன். இந்த வாய் சும்மா இருந்தால்தானே.

"போடா. இவ அறுபத்தொண்ணுல வர்றவ. அம்பத்தெட்டுல வர்றது இவ தங்கச்சி," என்றாள் நடீன்.

"தங்கச்சிக்கு இடது கண்ணு கிடையாது. இவளுக்கு ரெண்டும் இருந்துச்சு. நீ என்னத்தைப் பார்த்தே?"

"அரைகுறை ஞாபகத்தை வச்சுக்கிட்டு ஒன்பது வருஷமா என் உயிரை வாங்குறே."

"அப்பாவையே கேளு. சார், நீங்களே சொல்லுங்க, இவ எந்த இதழ்?"

"அம்பத்தெட்டு," என்றார் லீலண்ட்.

நான் நடீனைப் பார்த்து இளித்தேன். அவள் என்னை முறைத்தாள். விளக்குகள் எரிந்தன.

நன்றிப் பட்டியலும் ஓடி முடிந்து திரை வெள்ளையாக இருந்தது. நடீன் வாயைப் பொத்திக்கொண்டாள். காமிக்ஸ் கிறுக்குப் பிடித்த இரண்டு முட்டாள்களைத் தவிர வேறு யாராலும் இப்படி ஒரு காரியத்தைச் செய்திருக்க முடியாது.

லீலண்ட் பாத்ரூம் போய்விட்டு வரும்வரை நடீன் வெளியே சுவரில் சாய்ந்து அழுதாள். அவர் வந்ததும், "நான் பார்க்கலப்பா, தவறவிட்டுட்டேன்," என்றாள். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"நான் பார்த்தேன் நடீன். பட்டியல்ல நடுவுல, வலது பக்கம். லீலண்ட் கோசிக்னு பளிச்சுன்னு வந்துச்சு."

அவள் அழுவதை என்னால் பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான். நடீன் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் கன்னத்தில் ஒரு முத்தம் வைத்தாள்.

"நாலு பத்துக்கு அடுத்த ஷோ இருக்கு. போன்ல படம் பிடிச்சு ஃப்ரேம் போட்டு ஹால்ல மாட்டிடலாம்," என்று டிக்கெட் கவுன்டருக்கு ஓடினாள். "வேண்டாம்மா," என்றார் லீலண்ட். அவள் காதில் விழவில்லை.

"வலது பக்கமா?" என்று என்னிடம் கேட்டார்.

"ஆமா சார்."

"நாப்பத்தோரு பேரு ரூடி. மேலேருந்து கீழ வரைக்கும் கண்ணை எடுக்காம படிச்சேன். நான் இல்ல."

எனக்குத் தலை நிமிரவில்லை.

"நீங்க ரெண்டு பேரும் சண்டையில அந்தப் பக்கமே திரும்பலை. அவ பார்க்கலைன்னு எனக்கு எவ்வளவு நிம்மதியா இருந்துச்சு தெரியுமா? நானே 'வந்துச்சும்மா, ஒரு தடவை பார்த்ததே போதும், வீட்டுக்குப் போலாம்'னு சொல்லியிருப்பேன். அவளும் நம்பியிருப்பா. நீ இடம் வலம் எல்லாம் சொல்லிட்டே."

அதற்குள் நடீன் மூன்று டிக்கெட்டோடு வந்துவிட்டாள். முகமெல்லாம் சிரிப்பு.

"நடு வரிசை கிடைச்சிருக்கு. இந்தத் தடவை யாராவது வாயைத் திறந்தீங்க, கொன்னுடுவேன்," என்றாள்.

லீலண்ட் தன் டிக்கெட்டை வாங்கிக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு எங்களுக்கு முன்னால் நடந்தார்.