டிக்கி என்னுடையது

காரில் ஸ்டீயரிங் அவருடையது, டிக்கி என்னுடையது. பழைய கார்தான் என்றாலும், வாங்கிய அன்றே பேசி முடித்த விஷயம் இது. நாகமலை புதுக்கோட்டையில் முறுக்கு சுற்றி விற்கிறவள் நான். கடை கடையாகக் கொண்டுபோய்ப் போட டிக்கி இல்லையென்றால் எனக்குப் பிழைப்பே இல்லை. என் வீட்டுக்காரர் அருள்பாண்டிக்கு இது நன்றாகத் தெரியும். தெரிந்திருந்தும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காபியைக் கையில் வைத்துக்கொண்டு, காருக்கு ஊஃபர் போடலாமா என்று கேட்டார் பாருங்கள், அந்த வாயை என்ன செய்வது?

ஊஃபர் என்பது பாட்டில் தும் தும் என்று வருகிற சத்தத்துக்கு மட்டும் தனியாக ஒரு பெரிய ஸ்பீக்கர். வழக்கமாக அதை ஒரு மரப்பெட்டியில் பூட்டி டிக்கியில் வைப்பார்கள். பெட்டி வந்தால் என் முறுக்கு டின்னை உங்கள் தலையில் வைக்கவா என்று கேட்டேன். அப்புறம் ஒரு சாயங்காலம் முகமெல்லாம் பல்லாக வந்தார். பெட்டியே இல்லாமல் மாட்டலாமாம். பின் சீட்டுக்கும் பின் கண்ணாடிக்கும் நடுவில் டிஷ்யூ டப்பா வைக்கிற பலகை இருக்கிறதல்லவா, அதில் வட்டமாக இரண்டு ஓட்டை போட்டு, ஊஃபரை மேலே பார்க்க உட்கார வைத்தால் தீர்ந்ததாம்.

நானும் தலையாட்டித் தொலைத்தேன். ஏனென்றால் என் கவனமெல்லாம் அப்போது கே.கே. நகர் ஸ்யாமளா மாமியிடம் இருந்தது. மாமி தன் பெண் கல்யாணத்துக்குச் சீர் முறுக்கு கேட்டிருந்தார். சாதாரண முறுக்கு இல்லை. தட்டு அகலத்துக்குக் கையால் சுற்றுவது, ஒன்றுக்குப் பதினோரு சுற்று. ஒரு சுற்று விண்டிருந்தாலும் சீர்த்தட்டில் வைக்க மாட்டார்கள். இதை மட்டும் ஒழுங்காகக் கொடுத்துவிட்டால் மாமியின் சொந்தபந்தக் கல்யாணமெல்லாம் என் அடுப்புக்கு வந்துவிடும். கடை கடையாக ஏறி, முறுக்கு வேண்டுமா என்று பல்லைக் காட்டுகிற வேலை இருக்காது. அந்த ஆசையில் எனக்குத் தூக்கமே வரவில்லை.

ஊஃபர் வாங்க பைபாஸ் ரோட்டுக் கடைக்குப் போனபோது அலங்காநல்லூரிலிருந்து என் தம்பி பேயாண்டியும் வந்துவிட்டான். அவன் ஜல்லிக்கட்டுக் காளை வளர்க்கிறவன். மிக்ஸி வாங்கினால்கூட அவன் வந்து பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும் என் வீட்டுக்காரருக்கு. அவனுக்கும் உலகத்தில் எதைப் பார்த்தாலும் மாடுதான்.

கடைக்காரத் தம்பி முத்துக்குமரன் நாலு ஊஃபரை மேசையில் பரத்தினான். பேயாண்டி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு மேசையைச் சுற்றி வந்தான். முதல் ஊஃபரின் நடுவில் சுருள் மாதிரி ஏதோ வரைந்திருந்தது. சுழி சரியில்லை, எசமானைக் கவிழ்த்துவிடும் என்று ஒதுக்கினான். அது கம்பெனி முத்திரை என்று முத்துக்குமரன் சொன்னதை அவன் காதிலேயே வாங்கவில்லை. அடுத்ததின் நடுவில் திமிலை அமுக்குகிற மாதிரி உள்ளங்கையால் அமுக்கினான். பொதுக்கென்று உள்ளே போனது.

"இது தொழுவுல கட்டிப் போட்டாத்தான் நிக்கும். அவுத்து விட்டா தறிகெட்டுப் போயிரும்" என்றான்.

முத்துக்குமரனுக்கே ஆச்சரியம். அது பெட்டிக்குள் வைக்கிற ரகம்தானாம். பெட்டிக்குள் அடைபட்ட காற்றுதான் அதைப் பிடித்து நிறுத்துமாம்; பெட்டி இல்லாமல் ஓட்டினால் ஆடி ஆடிக் கருகிப்போகுமாம். இதைக் கேட்டதும் பேயாண்டி நெஞ்சு இரண்டு அங்குலம் அகலமானது. மூன்றாவதைத் தொடக்கூட இல்லை, பார்வையே சரியில்லையாம். நாலாவதை அமுக்கினான். அது விறைப்பாக இவன் கையைத் திருப்பித் தள்ளியது.

"இது தானா நிக்கிது மச்சான். தைரியமா வாடிவாசல்ல விடலாம்."

அதிலேயே ஒரு ஜோடி எடுத்தார்கள். நான் ஸ்டூலை விட்டு எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டேன், டிக்கியில் இடம் குறையுமா என்று. தரையில் ஒரு இஞ்ச்கூடக் குறையாது என்று முத்துக்குமரன் சத்தியம் செய்தான். பிறகு என் வீட்டுக்காரரை ஓரமாகக் கூட்டிப்போய் என்னவோ சொன்னான். அவரும் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். ரேட் பேசுகிறார்கள் என்று நினைத்தேன், பாவி நான்.

கல்யாணத்துக்கு முந்தைய நாள் காலையில் சீர் முறுக்கை இரண்டு பெரிய டின்னில் காகிதம் வைத்து அடுக்கி டிக்கியில் ஏற்றினோம். மேலே ஊஃபர்களின் அடிப்பக்கம் இரண்டு பலாக்காய் மாதிரி தொங்கியது. கே.கே. நகர் போய்ச் சேருகிற வரை பாட்டு கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் பின் சீட்டில் ஏறினேன். என் வீட்டுக்காரர் பிள்ளைத்தாச்சியைக் கூட்டிப்போகிற மாதிரி அவ்வளவு பதமாக ஓட்டினார். காளவாசல் சிக்னல் வரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

சிக்னலில் பக்கத்தில் ஒரு லோடு வேன் வந்து நின்றது. அதில் மேளம் போட்ட பாட்டு அலறியது. வேன்காரன் எங்கள் காரை ஒரு பார்வை பார்த்தான். சாதாரணமாகத்தான் பார்த்தான். டின் இறக்கித் தர வந்து முன் சீட்டில் உட்கார்ந்திருந்த பேயாண்டிக்கு அது பொறுக்கவில்லை. நம்ம வாசலில் வந்து ஒருத்தன் மாட்டை அவிழ்த்துக் காட்டுகிறான், நீங்க பார்த்துக்கொண்டு இருக்கிறீர்களே மச்சான் என்று சொல்லிக்கொண்டே பாட்டைப் போட்டு, சத்தத்தைக் கடைசி வரை திருகினான்.

என் முதுகெலும்பு, தாலிக்கொடி, கடைவாய்ப் பல் எல்லாம் ஆடியது. கத்தினேன், எனக்கே கேட்கவில்லை. அவன் தலையில் ஓங்கித் தட்டினேன். அக்காவுக்குப் பாட்டு பிடித்துவிட்டது என்று நினைத்து அவனும் தலையை ஆட்டினான். ஆற்றுப் பாலம் தாண்டித்தான் பாட்டை நிறுத்தினார்கள்.

மாமி வீட்டு வாசலில் முதல் டின்னைத் திறந்தேன். மாமி குனிந்து பார்த்தார். அப்புறம் இரண்டாவதையும் பார்த்தார்.

"பதினோரு சுத்துன்னு சொன்னேன். எண்ணிப் பாக்க வசதியா தனித்தனியாவே பிரிச்சுக் கொண்டு வந்துட்டேள் போலிருக்கே" என்றார்.

அப்போதுதான் என் வீட்டுக்காரர் மென்று முழுங்கிக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். பெட்டி இல்லாமல் மாட்டினால் டிக்கியேதான் பெட்டியாம். பாட்டு முன்னால் எம்புட்டு அதிர்கிறதோ அம்புட்டும் பின்னால் டிக்கிக்குள்ளும் அதிருமாம். உடைகிற சாமான் எதையும் அங்கே வைக்காதீர்கள் என்று கடையிலேயே ஓரமாகக் கூப்பிட்டுச் சொன்னானாம் முத்துக்குமரன். என்னிடம் சொன்னால் நான் மாட்ட விடமாட்டேன் என்று மறைத்தாராம். மாமி மட்டும் பக்கத்தில் இல்லையென்றால் அன்றைக்கு நடந்திருப்பதே வேறு.

சாயங்காலம் நாலு மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள், அதற்குள் முழுசாக வந்தால் வாங்கிக்கொள்வதாக மாமி சொன்னார். வராவிட்டால் வேறு இடத்தில் பார்த்துக்கொள்வாராம்.

வழியெல்லாம் அழுதேன். வீட்டுக்குள் நுழைந்ததும் அழுவதை நிறுத்திவிட்டு அடுப்பைப் பற்ற வைத்தேன். மாவு பிசைந்து, சுற்றி, பொரித்து எடுப்பதற்குள் மணிக்கட்டு கழன்றுவிட்டது. பேயாண்டியை விசிறச் சொன்னால் ஒரு கையால் விசிறிக்கொண்டே மறு கையால் உடைந்த முறுக்கைக் கரகரவென்று தின்றான். என் வீட்டுக்காரர் நான் ஒன்றும் சொல்லாமலே காரில் ஏறி இரண்டு ஊஃபரையும் கழற்றினார். என் முகம் அப்படி இருந்திருக்கும்.

புது முறுக்கை அடுக்கி முடித்தும் டிக்கியில் வைக்க எனக்கு மனசு வரவில்லை. மடியில் வைத்துக்கொள்ளலாம் என்றால் இரண்டு டின் மடியில் அடங்காது. டின்னோடு பின் சீட்டில் ஏறித் திரும்பியபோது, பின்னால் வட்டமான இரண்டு ஓட்டை என்னைப் பார்த்தது. ஒரு டின்னை மெதுவாக இறக்கினேன். கீழே போய், மூடி விளிம்பு பலகையில் மாட்டி, அளவெடுத்த மாதிரி நின்றது. இன்னொன்றும் அப்படியே. பேயாண்டி வந்து டின்னை உள்ளங்கையால் அசைத்துப் பார்த்தான்.

"தானா நிக்கிதுக்கா" என்றான்.

அவனை அடிக்கக் கை ஓங்கியவள் சிரித்துவிட்டேன். கழற்றிய ஊஃபர் இரண்டையும் அவன் மடியில் வைத்து, இறக்கி வைத்தால் தொலைத்துவிடுவேன் என்று சொல்லி முன் சீட்டில் ஏற்றினேன்.

நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால் போய்ச் சேர்ந்தோம். மாமி மேலே இருந்த முறுக்கை எடுத்து விரல் வைத்து எண்ணினார். அடி முறுக்கையும் எடுத்து எண்ணினார். பிறகு காலி டின்களைத் திருப்பிக் கொடுத்து, அவர் நாத்தனார் பெண்ணுக்குத் தையில் கல்யாணம், அதற்கும் நானே செய்ய வேண்டும் என்றார்.

திரும்பும்போது காலி டின்களை ஓட்டையிலேயே மாட்டி வைத்தேன். என் வீட்டுக்காரர் கண்ணாடி வழியாக என் முகத்தைப் பார்த்துப் பார்த்து, வேலைதான் முடிந்துவிட்டதே, ஊஃபரைத் திரும்ப மாட்டிக்கொள்ளலாமா என்று மெதுவாகக் கேட்டார்.

"டிக்கியோட சேத்து இந்த ரெண்டு ஓட்டையும் இனி என்னோடது. தும் தும் வேணும்னா வாயால போட்டுக்கங்க" என்றேன்.

காளவாசல் சிக்னலில் காலையில் பார்த்த அதே வேன். அதே மேளம். பேயாண்டி மடியிலிருந்த ஊஃபர்களைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு, கண்ணாடியை இறக்கி வாயாலேயே தும் தும் என்று ஆரம்பித்தான். வேன்காரன் சிரித்தான். என் தம்பியைப் பார்த்து ஒருத்தன் சிரிப்பதாவது. எனக்குச் சுள்ளென்று ஏறியது. திரும்பி உட்கார்ந்து, இரண்டு கையாலும் காலி டின்களை ஓங்கி அடித்தேன். கீழே டிக்கி மொத்தமும் சேர்ந்து தும் என்றது.

வேன்காரன் பாட்டை நிறுத்திவிட்டான்.