லமார் சொன்ன கதை

மாளிகை வாசலில் நின்ற பெண் நுழைவுச்சீட்டு கேட்டதைக் காதில் வாங்காமல் வெர்டெல் உள்ளே நுழைந்தாள். அம்மா இறந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. தம்பி லமாரின் போன் அணைந்து கிடந்தது. சனிக்கிழமைகளில் அவன் வெளியூர்க்காரர்களுக்கு அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் நகரத்துப் பழைய மாளிகைகளைச் சுற்றிக்காட்டுவான். பதினொன்றரைக்கு இந்த இரண்டாவது வீட்டில் இருப்பான் என்று அவளுக்குத் தெரியும்.

கூடத்தில் இருபது பேர் அவனைச் சூழ்ந்து நின்றார்கள். இத்தனை அந்நியர் நடுவே அம்மாவின் சாவைச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. முடிக்கட்டும் என்று கதவோரம் ஒதுங்கினாள். அவன் டைனாவைப் பற்றிப் பேசத் தொடங்கியிருந்தான்.

டைனா வெர்டெல், லமார் குடும்பத்தின் மூதாதை. இதே வீட்டில் அடிமையாகச் சமைத்தவள். அவளுடைய ஏழு வயது மகளைப் பின்கட்டு முற்றத்தில் வைத்து விற்றார்கள். அதற்கப்புறம் டைனா அந்த வீட்டு மனிதர்களிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அடிமைகளுக்கு விடுதலை என்ற செய்தி வந்த அன்று, எரிகிற அடுப்பை எரியவிட்டுவிட்டு, இடுப்பில் கைக்குழந்தையோடு வெளியேறினாள். லமாருக்கு இந்த வேலை கிடைத்தபோது அம்மா எர்னஸ்டீன் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: அந்தக் கதையை அந்த வீட்டிலேயே நின்று சொல்ல வேண்டும்.

அவனும் சத்தியம் செய்தான். அம்மா படுக்கையில் விழுந்த இந்த ஒரு வருஷமாகச் சனிக்கிழமை தவறாமல் வந்து கட்டிலோரம் உட்காருவான். "இன்னிக்கும் சொன்னேம்மா. ஒருத்தங்க அழுதுட்டாங்க" என்பான். அன்றைக்கு மட்டும் அம்மா தட்டைக் காலி செய்வாள்.

"டைனா இந்த வீட்ல ஒருத்தி மாதிரி," என்றான் லமார், கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தபடி. "அவ சுட்ட கேக்கைச் சாப்பிடாம எஜமானர் தூங்க மாட்டாராம். விடுதலை கெடைச்சப்பக்கூட, உங்கள விட்டுட்டு எங்க போவேன்னு இங்கயே இருந்துட்டா."

கூட்டம் கனிவாகத் தலையாட்டியது. ஒரு பெண் அந்தக் கேக்கின் செய்முறை கிடைக்குமா என்று கேட்டாள். அவளுக்குப் பதில் சொல்லத் திரும்பியவன் அக்காவைப் பார்த்தான். பிறகு சுவர்க்கடிகாரத்தைக் காட்டி, அது லண்டனிலிருந்து வந்தது என்றான்.

கூட்டம் மாடிக்குப் போனதும், வெர்டெல் போய் நின்ற பின்கட்டு முற்றத்துக்கு லமார் ஓடி வந்தான்.

"அம்மாவா?"

"பத்தரைக்கு."

அவன் சுவரில் சாய்ந்துகொண்டான்.

"எதாச்சும் சொன்னாங்களா?"

"நீ இன்னிக்கும் டைனா கதையச் சொல்லுவேன்னு சொன்னா."

லமார் முகத்தைத் துடைத்துக்கொண்டான். முதல் மாதம் உண்மையைத்தான் சொன்னானாம். பாதிக் கூட்டம் மூன்றாவது வீட்டுக்கு வராமலே கிளம்பிவிட்டதாம். சுற்றுலாக் கம்பெனியில் இரண்டு தடவை கூப்பிட்டு எச்சரித்தார்களாம்.

"அத அவகிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா சாப்பிட மாட்டாங்களேக்கா."

"வேலைய விட்டுட்டு வந்திருக்கலாம். டைனா வந்தாள்ல?"

மாடி ஜன்னலில் தலை நீட்டிய ஒருவர், அடுத்த வீட்டுக்கு எப்போது போவோம் என்று கேட்டார். இன்று அவ்வளவுதான் என்று லமார் கைகாட்டினான்.

காரில் அவன் அழுதான். வெர்டெல் சாலையைப் பார்த்து ஓட்டினாள்.

வீட்டில் இறுதிச் சடங்குக்காரர்கள் ஏற்கெனவே வந்து காத்திருந்தார்கள். குறுகலான மாடிப்படியில் அம்மாவை இறக்க இன்னொரு ஆள் வேண்டும் என்றார்கள். லமார் கோட்டைக்கூடக் கழற்றாமல் கால் பக்கம் போய்க் குனிந்தான்.

"இரு," என்றாள் வெர்டெல்.

அவன் கோட்டில் குத்தியிருந்த கம்பெனி பேட்ஜைக் கழற்றி, அவன் பையிலேயே போட்டாள்.

"இப்பத் தூக்கு."