தாலாட்டில் ஒரு கண்ணி

எங்கள் வீட்டுத் தாலாட்டை இதுவரை எந்த ஆணும் முழுதாகக் கேட்டதில்லை. நாங்கள் ஒன்றும் மறைத்து வைக்கவில்லை. மூன்று வரிக்குள் எல்லோரும் தூங்கிவிடுகிறார்கள், அவ்வளவுதான். தொட்டிலில் கிடப்பவன், தொட்டிலை ஆட்ட வந்தவன், அடுத்த அறையில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தவன் என்று ஒருவர் பாக்கியில்லை. என் அப்பா போகிற இடமெல்லாம் இந்தப் பாட்டைப் பற்றிப் பெருமை பேசுவார். "அமிர்தம்" என்பார். அந்த அமிர்தத்தில் அவருக்கென்று ஒரு கரண்டி வேப்பெண்ணெய் கலந்திருப்பது இன்றுவரை அவருக்குத் தெரியாது.

முதல் மூன்று வரிகளில் நிலா, கிளி, பூ. பரம சாது. நாலாவது வரியில்தான் பாட்டு வாயைத் திறக்கும். என் அம்மா வழிப் பெண்கள் ஒவ்வொருத்தியும் புகுந்த வீட்டில் யாரைப் பற்றியாவது இரண்டு வரி கட்டிச் சேர்த்திருக்கிறாள். சேர்க்கலாம், எடுக்கக் கூடாது. முகத்துக்கு நேரே சொல்ல முடியாததைப் பிள்ளையின் காதில் ராகம் போட்டுக் கொட்டிவிட்டு, மறுநாள் காலையில் ஒன்றுமே நடக்காத மாதிரி வேலையைப் பார்ப்பார்கள். எங்கள் குடும்பத்து மாமனார்கள் நீண்ட ஆயுளோடு இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கட்சி.

மாமனார் மூக்கு முழ நீளம், கண்ணே உறங்கு
மனசு மட்டும் அரை அங்குலம், கண்ணே உறங்கு

அந்த மூக்கு யாருடையது என்பது மறந்துபோயிற்று. அம்மாவின் பங்கு அப்பாவைப் பற்றியது.

அப்பா பேச்சு ஆகாசம் தொடும், கண்ணே உறங்கு
ஆணி ஒண்ணு அடிக்கத் தெரியாது, கண்ணே உறங்கு

பெண்களுக்கு மட்டும் தூக்கம் வராதா என்று கேட்கலாம். சிரிப்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பவளுக்கு எங்கிருந்து தூக்கம் வரும்?

என் பங்கு நாத்தனாரைப் பற்றியது. என் வீட்டுக்காரரின் அக்கா, நான் கூப்பிடுவது அண்ணி என்று. தையல்காரர், தனியாக இருந்தவர். பிள்ளை பிறந்ததும் உதவிக்கு வந்தார், தையல் மெஷினோடு. வந்த அன்றே அடுக்களையை அவர் கைக்கு ஏற்றபடி அடுக்கினார். உப்பு எங்கே என்று என் வீட்டில் நான் கேட்டு வாங்க வேண்டியதாயிற்று. பத்து நாள் என்று சொன்னவர் அதற்குப் பிறகு கிளம்புகிற பேச்சையே எடுக்கவில்லை. ஒருநாள் எரிச்சலில் கட்டினேன்.

பத்து நாளுன்னு வந்த அத்தை, கண்ணே உறங்கு
பாயைச் சுருட்ட மறந்துபோனா, கண்ணே உறங்கு

கட்டிய அன்று எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன். பிறகு விடுப்பு முடிந்தது. பல் மருத்துவமனையில் வாயைத் திறந்து வைத்திருப்பவர்களிடம் நாள் முழுவதும் பேச்சுக் கொடுப்பது என் வேலை. அதற்கு நான் திரும்பிப் போக முடிந்தது பிள்ளையை அண்ணி பார்த்துக்கொண்டதால்தான். அவர் இல்லாவிட்டால் எனக்கு வேலை இல்லை, பிள்ளைக்குப் பகலில் கதி இல்லை. இது உறைத்த பிறகும் அந்த இரண்டு வரியை எடுக்க முடியவில்லை. சட்டம் சட்டம்தானே. கதவைச் சாத்திக்கொண்டு குரலைத் தாழ்த்திப் பாடினேன்.

இப்படி இருக்கும்போதுதான் என் வீட்டுக்காரர் குண்டைத் தூக்கிப் போட்டார். அவர் ஒலிக் காப்பகத்தில் ஒலிப்பதிவுக்காரர். அங்கே வீட்டுத் தாலாட்டுகளைச் சேகரித்து இணையத்தில் ஏற்றப் போகிறார்களாம்.

"நம்ம பாட்டைத்தான் முதல்ல பதிவு பண்றோம். சார்கிட்ட வாக்குக் கொடுத்துட்டேன்" என்றார்.

"நீங்க அந்தப் பாட்டை முழுசா கேட்டிருக்கீங்களா?"

"கேட்காம என்ன? நிலா, கிளி, பூ."

"அப்புறம்?"

"அப்புறமும் அதே மாதிரிதானே போகும்."

வாக்குக் கொடுத்தவர் தூங்கப் போனார். நான் விழித்துக் கிடந்தேன். இணையத்தில் ஏறினால் மாமனாரின் மூக்கும் அப்பாவின் ஆணியும் போகட்டும், சிரித்து மழுப்பலாம். அண்ணி கேட்டால்? அந்த நிமிடமே பாயைச் சுருட்டிவிடுவார். ரோஷக்காரர். சுருட்டச் சொல்லிக் கட்டியவள் நானே, சுருட்டிவிடுவாரோ என்று பயந்தவளும் நானே.

அதனால் ஒரு சுத்தமான பாட்டு தயாரித்தேன். மாமா தங்கம், மாமி வைரம், அத்தை மடி பட்டு மெத்தை. எனக்கே வாய் தித்தித்தது.

பதிவு அறை பெட்டிக்குள் பெட்டி மாதிரி இருந்தது. சுவரெல்லாம் பஞ்சு. ஒரு மைக், இரண்டு நாற்காலி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என் வீட்டுக்காரரும் காப்பகத் தலைவரும். தலைவருக்கு அங்கே எல்லோரும் வைத்த பெயர் செருமல் சார். ஒவ்வொரு வாக்கியத்துக்கு முன்னாலும் தொண்டையைச் செருமுவார். பிள்ளையோடுதான் பதிவு, அப்போதுதான் இயல்பாக இருக்கும் என்பது அவர் உத்தரவு. பிள்ளை வந்தால் அண்ணி வராமல் இருப்பாரா? இரண்டாவது நாற்காலியில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

செருமல் சார் செருமினார். "வீட்டுக்கு வீடு பூட்டி வச்சிருக்கிற சொத்தும்மா இது. திறந்து விட்டாத்தான் உலகத்துக்குப் போய்ச் சேரும். ரெண்டு ரெண்டு வரியா வருதாமே? அதுக்குக் கண்ணின்னு பேரு."

கண்ணி என்றால் பறவைக்கு வைக்கும் பொறி என்றுதான் எனக்குத் தெரியும். எனக்கு அந்த அர்த்தமே பொருத்தமாகப் பட்டது.

சிவப்பு விளக்கு எரிந்தது. தங்கம், வைரம் என்று ஆரம்பித்தேன். பிள்ளை என்னை ஒரு பார்வை பார்த்தான். கடைக்காரர் எடையில் ஏமாற்றும்போது அவன் அப்பா பார்க்கிற அதே பார்வை. பிறகு வீரிட்டான். பஞ்சுச் சுவரே அதிர்ந்தது.

"வழக்கமா பாடுற மாதிரி பாடுங்கம்மா" என்றது ஒலிபெருக்கி, ஒரு செருமலுக்குப் பிறகு.

"வீட்டுல பாடுறதைப் பாடேன்" என்றார் என் வீட்டுக்காரர்.

அண்ணி பிள்ளையைத் தட்டிக்கொண்டே, "அவன் ஏமாற மாட்டான். உள்ளதைப் பாடும்மா" என்றார்.

வேறு வழியில்லை. நிலா பாடினேன், அழுகை நின்றது. கிளி வந்ததும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் செருமல் சாரின் தாடை மார்பில் இறங்கியது. பூவுக்கு என் வீட்டுக்காரர் ஹெட்போனோடு மேசையில் சாய்ந்தார். இனி அறையில் விழித்திருப்பது நானும் அண்ணியும்தான். மூக்கைப் பாடினேன், ஆணியைப் பாடினேன். அண்ணியின் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. என் கண்ணி வந்தது. சட்டமாவது ஒன்றாவது என்று அதைத் தாண்டி மறுபடி நிலாவுக்குப் போனேன்.

பிள்ளை கண்ணைத் திறந்தான். உதடு பிதுங்கியது.

பாடித் தொலைத்தேன். பத்து நாளும் பாயும் அந்த அறையில் அட்சரம் பிசகாமல் ஒலித்தன. வீட்டில் கதவுக்குள் குசுகுசுத்தது இங்கே ஊசி விழுந்தால் கேட்கும் அமைதியில் விழுந்தது. பிள்ளை தூங்கிப்போனான். நான் அண்ணியைப் பார்க்கத் துணிவில்லாமல் மைக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போல வெட்கமாக இருந்தது.

ஒரு கை வந்து மைக்கைத் தன் பக்கம் இழுத்தது. அதே ராகம். என்னைவிட நல்ல குரல்.

அம்மா நாக்கு ஊசி முனை, கண்ணே உறங்கு
குத்தத் தெரியும் தைக்கத் தெரியாது, கண்ணே உறங்கு

நான் நிமிர்ந்தேன். அண்ணி பிள்ளையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஓரக்கண்ணில் மட்டும் குறும்பு.

"இது எப்போ கட்டினீங்க?" என்றேன்.

"நீ வேலைக்குப் போன முதல் வாரம். பகல்ல இவனை வேற எப்படித் தூங்க வைக்கிறேன்னு நினைச்சே? நமக்கு நடுவுல இருக்கிறது ஒத்தைச் செங்கல் சுவர்."

பகலில் அவன் எப்படித் தூங்குகிறான் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. அதற்குள் அடுத்ததை ஆரம்பித்துவிட்டார். இந்த முறை குரல் இறங்கியிருந்தது.

பாயைச் சுருட்டி எடுத்து வச்சேன், கண்ணே உறங்கு
பாதி விரிச்சு நீதான் படுத்தே, கண்ணே உறங்கு

பாட்டு நின்றதும் அந்த நிசப்தத்தில் செருமல் சார் திடுக்கிட்டு விழித்தார். ஒலிபெருக்கியில் செருமல் கேட்டது. "அருமை, அருமை. என்ன ஒரு அன்பான குடும்பம். முடிஞ்சுதாம்மா?"

"எங்கே சார்" என்றார் அண்ணி, மைக்கை என் பக்கம் தள்ளிக்கொண்டே. "இனி இவ முறை."

ஊசிக் கண்ணிக்கு என்னிடம் நூறு பதில் இருந்தது. பாய்க் கண்ணிக்கு ஒன்றுகூட இல்லை. மூக்கை உறிஞ்சினேன். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்ததால் அதுவும் பதிவாகிவிட்டது.